நாற்பத்தேழாம் கலத்தின் கேப்டன்

எங்கள் மன்றத்தில் இரண்டு கட்சிகள். நாற்பத்தேழாம் கலத்துக்கு ஆறு சன்னல் என்று சொல்கிறவர்கள் சுவரோரமாக உட்காருவார்கள். ஏழு என்று சொல்கிறவர்கள் தேநீர் மேசைப் பக்கம் உட்காருவார்கள். இந்த ஏற்பாட்டில் ஆறு சன்னல்காரர்களுக்கு பிஸ்கட் கடைசியாகத்தான் போய்ச் சேரும், அதுவும் பெரும்பாலும் உடைந்ததாக. இதைப் பற்றி ஒரு புகார் பதினெட்டு வருடமாக நிலுவையில் இருக்கிறது.

நான் மன்றத்தின் குறிப்பாளர். எனக்குக் கட்சி கிடையாது. இருக்கக் கூடாது என்று விதி. கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வது என் வேலை. சொன்னது சரியா தப்பா என்று பார்ப்பது என் வேலை இல்லை. தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தினவனுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'வெல்காவின் வீழ்ச்சி' என்று ஒரு படம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டுடியோவில்தான் எழுபத்தெட்டில் எடுத்தார்கள். அதில் கதாநாயகன் தன் விண்கலத்தை ஓட்டிக்கொண்டு, போரில் உடைந்த கலங்கள் மிதக்கிற இடத்தைக் கடந்து போவான். உலகம் முழுக்க அவனைத்தான் பார்த்தது. நாங்கள் அவனைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால் மிதக்கிற உடைசல்களைப் பார்க்கிறோம். மொத்தம் அறுபத்திரண்டு. மன்றத்தின் பெயரே 'வெல்கா பின்புலக் கலங்கள் ஆய்வு மன்றம்'. நாற்பத்தேழாம் கலம் அவன் இடது காதுக்குப் பின்னால் பதினொரு ஃபிரேம் தெரியும். அரை நொடிகூட இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தால் போச்சு. அந்த அரை நொடியைப் பற்றி எங்களிடம் நாலு புத்தகம் இருக்கிறது. ஐந்தாவது அச்சில் இருக்கிறது.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம், மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் கூடுவோம். தலைவர் பேசில் கிராப்ட்ரீ. நகரசபையில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவர். ஊரில் யார் புதிதாகச் சன்னல் வைத்தாலும் போய் அளந்துவிட்டு எடுக்கச் சொன்னவர். ஓய்வுபெற்ற பிறகு அளக்கச் சன்னல் இல்லாமல் தவித்தார். இங்கே வந்து ஏழு சன்னல் கட்சிக்குத் தலைவரானார். எதிர்க்கட்சித் தலைவர் நைஜல் ஓட்வே, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேரடியாகப் பேசி நான் பார்த்ததில்லை. என் மூலமாகத்தான் பேசுவார்கள்.

போன மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். எண்பது வயது இருக்கும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல், நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடுவில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. "ஆறரைன்னு சொல்ல வந்திருக்கானோ?" என்று சுவரோரத்தில் யாரோ கேட்டது எனக்குக் கேட்டது.

கேள்வி கேட்க வேண்டுமென்றால் 'இதர விஷயங்கள்' வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வருவதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. மனிதர் அசையவில்லை. கடைசியில் எழுந்தார்.

"என் பேரு ஹெட்லி டன்ஸ்டால். பஸ் ஓட்டிட்டு இருந்தேன். என் சம்சாரம் மேவிஸ். அந்தக் கப்பலை அவதாங்க பண்ணா."

"எந்தக் கப்பல்?" என்றார் பேசில்.

"அதோ, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கீங்களே. அதுதான்."

நாற்பத்தேழாம் கலம் எங்களிடம்தான் இருக்கிறது. யாருடைய தோட்டத்துக் கொட்டகையிலோ கிடந்ததை மன்றம் வாங்கியது. எல்லாரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹெட்லியைப் பார்த்தார்கள். ஏதோ பிரார்த்தனை நடுவில் ஒருத்தர் கையைத் தட்டிவிட்ட மாதிரி.

அவர் வந்த காரியத்தை அவசரமாகச் சொன்னார். மேவிஸ் இப்போது வில்லோ லாட்ஜ் என்ற முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. மகன் பெயர் போய்விட்டது. தெருப் பெயர் போய்விட்டது. இந்தக் கப்பல் மட்டும் போகவில்லை. டி.வி.யில் அந்தப் படம் வந்தபோது, "இது நான் பண்ணது" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் முதுகில் தட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றைக்கே அவளுடைய கோப்பில் எழுதிவிட்டார்கள்: 'விண்வெளிக் கப்பல் கட்டியதாக நம்புகிறார்.' மறுநாள் மாத்திரையும் ஒன்று கூடிவிட்டது.

"அவளுக்கு உண்மையா ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதாங்க," என்றார் ஹெட்லி. "அதையே வியாதின்னு எழுதி வெச்சிருக்காங்க. மேட்ரன்கிட்ட சண்டை போட்டேன். அச்சடிச்ச காகிதம் ஒண்ணு கொண்டாங்க, அந்த வரியை அடிச்சிடறேன்னு சொல்லிடுச்சு. உங்க பதிவேட்டுல அவ பேரு ஒரு மூலையில இருந்தா போதும். ஒரு நகல் குடுத்தீங்கன்னா கொண்டுபோய்க் காட்டிடுவேன்."

எனக்குத் தெரிந்து எங்கள் மன்றத்தில் யாரும் இவ்வளவு சின்னதாக ஒன்று கேட்டதில்லை. நாலு வார்த்தை எழுதினால் தீர்ந்தது.

பேசில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மிஸ்டர் டன்ஸ்டால், உங்க வருத்தம் புரியுது. ஆனா எங்க விதி நாலு என்ன சொல்லுதுன்னா, திரையில தெரியாதது கிடையாது. உங்க வீட்டம்மா திரையில தெரியறாங்களா?"

"அவ எப்படிங்க தெரிவா? அவ அதைப் பண்ணவ."

"அதான் சொல்றேன். தெரியலை."

பிறகு சாட்சி வரிசையை விளக்கினார். முதல் சாட்சி படம். இரண்டாவது படத்தின் போஸ்டர். மூன்றாவது, அந்தக் காலத்தில் காலை உணவுப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த அட்டைகள். நாலாவது, குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகம். ஐந்தாவது, கடைசி, படத்தில் வேலை பார்த்தவர்கள். "அவங்க சொல்றதை நாங்க மரியாதையோட கேட்டுக்குவோம்," என்றார். "ஏத்துக்க மாட்டோம்."

"பதிவேட்டுல 'கட்டியவர்'னு ஒரு கட்டம் இருக்கே," என்றார் ஹெட்லி. சுவரில் மாட்டியிருந்த நகலைப் பார்த்துவிட்டார் பாவம்.

"இருக்கு. அதுல 'ஓர்லாக் மூன்றாம் கப்பல்துறை'ன்னு ஏற்கெனவே போட்டாச்சு. உங்க சம்சாரம் ஓர்லாக்ல வேலை பார்த்தாங்களா?"

"இல்லைங்க. கேன்டீனுக்கு எதிர்ல ஒரு ஷெட்டுல."

"ஓர்லாக் எரிடன் நட்சத்திரத்தோட நாலாவது கிரகம்," என்று நைஜல் என்னிடம் சொன்னார். "ஷெட்டுன்னு எங்கேயும் குறிப்பு இல்லை. எழுதிக்கோங்க லெஸ்லி." நான் எழுதிக்கொண்டேன்.

பொருள் சாட்சி ஏதாவது இருந்தால் அடுத்த மாதம் கொண்டுவரலாம் என்று தீர்மானம் ஆயிற்று. இரு கட்சியும் கை தூக்கின. அதுவே ஒரு அதிசயம்தான்.

ஏப்ரல் மாதம் ஹெட்லி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள்ளே ஒரு சோப்பு டப்பா. வெளிர்பச்சை நிறம், மூடி போட்டது. கல்யாணத்துக்கு வந்த ஜோடி டப்பாக்களில் அவருடையது இது. மேவிஸுடையது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, மேலே சாம்பல் நிறம் பூசிக்கொண்டு. காலையில் முகம் கழுவிவிட்டு அப்படியே எடுத்து வந்திருந்தார் போல. டப்பாவுக்குள் சோப்பு ஈரமாக இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் தண்ணீர் வடிவதற்கு வரிசையாக நீள ஓட்டைகள்.

"இதுதாங்க உங்க சன்னல். எண்ணிப் பாருங்க, ஏழு இருக்கும். மேவிஸ் அவளோடதுல ஒட்டுறப்ப ஒரு ஓட்டையில பசை அடைச்சுக்கிச்சு. அதனால ஆறு தெரியும். வெளிச்சம் ஒரு மாதிரியா பட்டா ஏழும் தெரியும்."

 நாற்பது வருடச் சண்டையை அந்த மனிதர் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டார். அதுவும் இரண்டு கட்சியும் சரி என்று சொல்லி. அவருடைய மற்ற தப்புகளையெல்லாம் மன்னித்திருப்பார்கள். இதை மட்டும் மன்னிக்கவில்லை.

டப்பா கை மாறிக் கை மாறிப் போயிற்று. அளந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நைஜல் அடுத்த அறைக்கு எடுத்துப்போய் எடை போட்டு வந்தார். அரை மணி நேரம் கழித்துப் பேசில் தீர்ப்பு சொன்னார்.

"ஒத்துமை இருக்குங்கிறதை மறுக்க முடியாது. நாற்பத்தேழாம் கலத்தோட கீழ்த்தளம் அப்படியே இருக்கு. இந்தக் கலம் சாதாரண ஜனங்க மனசுல எவ்வளவு ஆழமா பதிஞ்சிருந்தா, அதைப் பார்த்துச் சோப்பு டப்பா செய்வாங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள்.

ஹெட்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, இது எங்க கல்யாணத்துக்கு வந்தது. அறுபத்தேழுல. படம் எடுத்தது எழுபத்தெட்டுல. அப்புறம் எப்படிங்க படத்தைப் பார்த்து டப்பா செஞ்சிருப்பான்?"

பேசில் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வெல்கா போர் எப்ப நடந்தது?"

"தெரியலைங்களே."

"நமக்கு நாலாயிரம் வருஷம் முன்னாடி. படத்தோட முதல் வரியே அதுதான். அப்ப எது முந்தி? கலமா, டப்பாவா?"

ஹெட்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் பைத்தியம் பிடிக்காத ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்து 'கலம் முந்தி' என்று எழுதினேன்.

டப்பா அரிய பொருள் என்று முடிவானதால் மன்றத்தின் காப்பறைக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஹெட்லிக்கு ஒரு ரசீது கொடுத்தோம். சோப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கோட்டு நனைந்தது.

வெளியே நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் பஸ் ஓட்டியவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் என் காரில் ஏற்றிக்கொண்டேன். வில்லோ லாட்ஜ் போக வேண்டும் என்றார். கொண்டுபோய் விட்டவனை உள்ளேயும் கூப்பிட்டார்.

மேவிஸ் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு ஜிக்ஸா புதிரின் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படம் சேர்க்கவில்லை. வளைவானது ஒரு பக்கம், முனையுள்ளது ஒரு பக்கம், தட்டையானது ஒரு பக்கம் என்று டப்பா மூடிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடின. ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் வேலை என்று ஹெட்லி சொன்னார். பொம்மை டாங்கி, பொம்மை விமானம் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வருவார்களாம். அவற்றின் துண்டுகளையெல்லாம் உடைத்து, வகை பிரித்து, இழுப்பறையில் போட வேண்டும். ஆண்கள் அதிலிருந்து எடுத்து ஒட்டிக் கலம் செய்வார்கள்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"குறிப்பு எழுதறவன்," என்றேன்.

"அப்ப எழுதிக்கோங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆம்பளைங்க எல்லாரும் பப்புக்குப் போயிட்டாங்க. டைரக்டர் மூச்சிரைக்க ஓடி வராரு. இன்னொரு உடைஞ்ச கப்பல் வேணும், ரெண்டு மணிக்குள்ள வேணும்ங்கிறாரு. யாரும் இல்லையேன்னேன். நீ இருக்கியேன்னாரு." அந்த இடத்தில் சிரித்தாள். அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது வருடமாக வைத்து வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்று தோன்றியது. "என்கிட்ட துண்டு நிறைய இருந்தது, உடம்புதான் இல்லை. கைப்பையில சோப்பு டப்பா இருந்தது. ஜெல்லி அச்சு ஒண்ணு கேன்டீன்ல கேட்டு வாங்கினேன். ரெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப முடிச்சேன்."

"நல்லா வந்ததா?"

"எங்க நல்லா வர்றது! தலைகீழா தொங்கவிட்டுட்டான். உள்ளே போய்ச் சொல்லப் போனேன். சிவப்பு விளக்கு எரியுது. ஷூட்டிங் நடக்குது, மூச்சு விடாதேன்னு வாயைப் பொத்தாத குறையா வெளியே தள்ளிட்டாங்க." கொஞ்சம் யோசித்தாள். "பசை காய்ஞ்சிருக்குமா இப்ப?"

"காய்ஞ்சிருக்கும் கண்ணு," என்றார் ஹெட்லி.

வீட்டுக்குப் போனதும் அவள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஒரு வார்த்தை விடவில்லை. அடுத்த கூட்டத்தில் வாசிக்க அனுமதி கேட்டேன். கூட்டத்துக்கு வெளியே கேட்டதைக் குறிப்பாளர் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி பதினாறு. அந்த விதியை எழுதினவன் நான்தான். வேறு ஒரு சண்டையை நிறுத்துவதற்காக எழுதியது.

மே மாதக் கூட்டத்தில் பேசில் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "மிஸ்டர் டன்ஸ்டால், உங்களுக்கு நல்ல சேதி. நாற்பத்தேழாம் கலத்துக்குக் 'கேப்டன்' கட்டம் காலியா இருக்கு. நாற்பது வருஷமா காலி. உங்க வீட்டம்மா பேரை அதுல போட்டுடலாம்னு இருக்கோம். மிஸ்டர் ஓட்வேயும் ஒத்துக்கிட்டார்."

சுவரோரத்திலிருந்து நைஜல் தலையை ஆட்டினார். "மனிதாபிமான அடிப்படையில்," என்றார் என்னிடம்.

"கேப்டனா?" என்றார் ஹெட்லி. "அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

"பேரு வேணுமா வேண்டாமா?"

ஹெட்லி தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வேணும்தாங்க."

அங்கேயே ஒரு சான்றிதழ் தயார் செய்தார்கள். கெட்டி அட்டை, மன்றத்தின் முத்திரை, தலைவர் கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. ஹெட்லி அதைக் கையில் வாங்கி உதடு அசையப் படித்தார். மேவிஸ் டன்ஸ்டால், கேப்டன், நாற்பத்தேழாம் கலம். வெல்கா போரில் மாலுமிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேருடன் வீர மரணம்.

"ஐயா, அவ உயிரோடதானே இருக்கா," என்றார்.

"இருக்கட்டும். ஆனா அந்தக் காட்சியில வர்ற அறுபத்திரண்டும் உடைஞ்ச கலம். ஒருத்தரும் பிழைக்கலை. பதிவேட்டுல போட்டிருக்கு."

"அவளை மட்டும் பிழைச்சதா போட முடியாதுங்களா?"

"தப்பிச்சுப் போற படகு எதுவும் திரையில தெரியலையே. தெரிஞ்சா நாங்க ஏன் போடாம இருக்கப் போறோம்? எங்களுக்கு மட்டும் ஆசையா?" பேசில் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காக அவர் வருடா வருடம் அழுகிறவர்.

அப்போது நைஜல் தொண்டையைச் செருமினார். ஒன்பதாவது ஃபிரேமில் கலத்துக்கு வலப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, அது தப்பிக்கும் படகாக இருக்கலாம் என்று ஆறு சன்னல் கட்சியில் ஓர் எண்ணம் உண்டு என்றார். அவ்வளவுதான். ஹெட்லி நாற்காலிகளை இடித்துக்கொண்டு சுவரோரத்துக்கு ஓடினார்.

"அந்தப் புள்ளியைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க சார்," என்று நைஜலின் கையைப் பிடித்துக்கொண்டார். "படகாத்தான் இருக்கும். அவ கெட்டிக்காரி சார், எப்படியும் ஏறியிருப்பா."

போன மாதம் சோப்பு டப்பாவைக் காட்டி வாதாடிய மனிதர் இவர். இப்போது நாலாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு போரிலிருந்து பெண்டாட்டியைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார். எனக்கு எழுத ஓடவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளியை ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. ஜூலையில் அறிக்கை வந்தது. புள்ளி ஃபிலிமில் ஒட்டியிருந்த தூசி. ஹெட்லி அதைப் படித்துவிட்டு மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "முயற்சி பண்ணீங்க. நன்றிங்க," என்றார்.

வேறு காகிதம் இல்லாததால் அந்தக் கறுப்புப் பட்டைச் சான்றிதழையே வில்லோ லாட்ஜுக்குக் கொண்டுபோனார். மேட்ரன் அதை இரண்டு தடவை படித்தாளாம். கோப்பில் இருந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'கணவருக்கும் இது இருக்கிறது.'

மேவிஸிடம் சான்றிதழைக் காட்டினீர்களா என்று கேட்டேன். "காட்டினேன் சார். படிச்சுட்டு, மத்தவங்க எல்லாம் தப்பிச்சாங்களான்னு கேட்டா. எல்லாரும் தப்பிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன்." அவர் அதைச் சொன்னபோது மன்னிப்புக் கேட்கிற குரல் இருந்தது. பதிவேட்டுக்கு விரோதமாகப் பேசிவிட்டோமே என்று.

அக்டோபரில் வெல்கா நாள் வரும். மன்றத்தின் பெரிய நாள் அதுதான். அன்றைக்கு எல்லாரும் கோட்டில் வெள்ளித்தாள் நட்சத்திரம் குத்திக்கொண்டு வருவோம். வருடத்தில் ஒரே ஒருமுறை கண்ணாடிப் பெட்டியைத் திறப்போம். தலைவர் பேசுவார், கேப்டன்களின் பெயரையெல்லாம் வாசிப்பார், ஒலிநாடாவில் கொம்பு ஊதும், இரண்டு நிமிட மௌனம். அப்புறம் கேக். கேப்டன்களின் குடும்பத்தாருக்கு முன்வரிசை என்று விதி இருக்கிறது. இதுவரை எந்தக் கேப்டனுக்கும் குடும்பம் இருந்ததில்லை. இந்த வருடம் பேசில் தன் கையாலேயே அழைப்பிதழ் எழுதி அனுப்பினார்.

ஹெட்லி மேவிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுக்கு நீலக் கோட்டு போட்டுத் தலை வாரிவிட்டிருந்தார். அவருக்கு இன்னும் ஏதோ நம்பிக்கை இருந்தது என்று நினைக்கிறேன். ஒருவேளை கலத்தை நேரில் பார்த்தால் அவள் பேசுவாள், இத்தனை பேர் கேட்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். கூட்டத்துக்குள் கேட்டதை நான் எழுதலாம். அதை மேட்ரனிடம் காட்டலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நம்பிக்கைதான். பேனாவுக்கு மை ஊற்றி வைத்திருந்தேன்.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள் இல்லை. முகம் வெறுமையாக இருந்தது. மடியில் இருந்த அழைப்பிதழை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

பேசில் பேசினார். "முன்னாடி நிக்கிறவனை எல்லாரும் பார்ப்பாங்க. அவன் பேரு எல்லாருக்கும் தெரியும். பின்னாடி, ஒரு மூலையில, அரை நொடி வந்துட்டுப் போறவங்களை யார் ஞாபகம் வெச்சுக்குவா? அவங்க செஞ்சதை யார் சொல்லுவா? நாம சொல்லுவோம். அதுக்குத்தான் இந்த மன்றம். யாரையும் மறக்க விட மாட்டோம்!" முன்வரிசையில் ஹெட்லி எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார்.

பிறகு பெயர்களை வாசித்தார். முதலாம் கலம், இரண்டாம் கலம் என்று வரிசையாகப் போயிற்று. "நாற்பத்தேழாம் கலம். கேப்டன் மேவிஸ் டன்ஸ்டால்."

"உள்ளேன் ஐயா," என்றாள் மேவிஸ், கையைத் தூக்கி.

பேசில் ஒரு கணம் தயங்கினார். விதியில் இதற்கு ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டாம் கலத்துக்குப் போய்விட்டார்.

அறுபத்திரண்டும் முடிந்தது. கொம்பு ஊதியது. எல்லாரும் எழுந்து தலை குனிந்தோம். எங்கள் ஊரில் மௌனம் என்றால் மௌனம்தான். போர் நினைவு நாளில் தெருவில் பஸ்கூட நின்றுவிடும். ஹெட்லியே அப்படி எத்தனையோ வருடம் பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தொப்பியைக் கழற்றியிருப்பார். இப்போதும் தொப்பி மார்பில் இருந்தது. தூரத்தில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அரை நிமிடம் போயிருக்கும். மேவிஸின் குரல் கேட்டது. தெளிவான குரல், வேலை செய்கிற பெண்ணின் குரல்.

"அது தலைகீழா இருக்கு."

யாரும் அசையவில்லை.

"ஹெட்லி, பாரேன். திரும்பவும் தலைகீழாவே வெச்சிருக்காங்க. அது என் சோப்பு டப்பா. அந்தக் குமிழ் ஜெல்லி அச்சு. நான்தான் பண்ணேன். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. யாரும் இல்லைன்னேன், நீ இருக்கியேன்னாரு." நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். "ஒரே நிமிஷம் விடுங்க, திருப்பி வெச்சுடறேன்."

கண்ணாடிப் பெட்டி திறந்துதான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் கை எட்டிவிடும். ஆறு சன்னலும் ஏழு சன்னலும் தலை குனிந்தபடியே அவளைப் பார்த்து முகம் சுளித்தன. பேசில் உதட்டின் மேல் விரலை வைத்தார். நான் பேனாவை எடுக்கவில்லை. மௌனத்தின்போது எழுதக் கூடாது.

ஹெட்லி அவள் தோளில் கையை வைத்தார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த ஒரு பேச்சுக்காக ஏழு மாதமாக அலைந்த மனிதர்.

"ஷ்ஷ்," என்றார். "இப்ப வேண்டாம் கண்ணு. எல்லாரும் மௌனமா இருக்காங்க."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "சிவப்பு விளக்கு எரியுதா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மீதி ஒன்றரை நிமிடமும் முழுசாக அனுசரிக்கப்பட்டது. கொம்பு மறுபடி ஊதியதும் ஹெட்லி மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "இப்பப் பேசலாம் கண்ணு. இப்பச் சொல்லு. கப்பலைப் பத்திச் சொல்லு, எல்லாரும் கேக்கறாங்க." அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "எந்தக் கப்பல்?" என்றாள்.

கேக் வெட்டினார்கள். இந்த வருடம் முன்வரிசைக்கு முதல் துண்டு. கிளம்புகிறபோது ஹெட்லி என் மேசைக்கு வந்தார்.

"சார், அவ சொன்னதை எழுதினீங்களா?"

மௌனத்தில் பேசியது குறிப்பில் ஏறாது என்றேன். அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். நியாயம்தான் என்பதுபோலத் தலையசைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார். "நல்ல நிகழ்ச்சி. நடுவுல சத்தம் போட்டுட்டா."

அவர்கள் போன பிறகு கண்ணாடிப் பெட்டியைச் சாத்திப் பூட்டுவது என் பொறுப்பு. கூடத்தில் யாரும் இல்லை. கையை உள்ளே விட்டுத் திருப்பி வைக்க ஒரு நொடி போதும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இருந்தபடியே பூட்டிவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: 'இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.'